பால் குறையும் அளவுக்கே உணவும் குறையட்டும்

தமிழ்நாட்டில் அரசுப் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதங்களாக உயர்த்தப்பட்டது. விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியைகள் முதல் வாரத்திலேயே கேட்கும் பேச்சு, "என்ன டீச்சர், இப்படி உடம்பு போட்டுட்டீங்க?" என்பதுதான். அதைக் கேட்டு மறுநாளே காலை உணவை விட்டுவிடுபவர்கள் உண்டு. குழந்தை பால் மறந்து பல மாதங்கள் ஆன பிறகும், பிள்ளை பெற்ற புதிதில் சாப்பிட்ட அளவிலேயே தொடர்பவர்களும் உண்டு. உணவின் அளவைப் பாலின் அளவோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்கலாம்.

பால் சுரக்க ஆகும் செலவு

100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 67 கலோரி உள்ளது. அதைச் சுரக்கவும் உடல் ஆற்றலைச் செலவிடுவதால், 100 மில்லிக்குத் தாய்க்கு ஆகும் மொத்தச் செலவு சுமார் 80 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, குறைந்த உடலுழைப்புள்ள, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 1660 கலோரி தேவை. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் இதற்கு மேல் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதங்களில் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை. நின்று நடந்து பாடம் நடத்தி, வீட்டு வேலையும் பார்ப்பவரின் தேவை இன்னும் அதிகம்.

முதல் ஆறு மாதங்கள்

குழந்தை தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் காலம் இது. பிரசவத்திற்குப் பின் முதல் ஆறிலிருந்து எட்டு வாரங்கள் வரை எடைக் குறைப்பு வேண்டவே வேண்டாம். உடல் தேறவும் பால் சீராகச் சுரக்கவும் அந்தக் காலம் தேவை. அதன்பின், எடை கூடுதலாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெதுவாகக் குறைக்கலாம். வாரத்திற்கு அரை கிலோ வரை என்பது பாதுகாப்பான வேகம். பொதுவாக ஒரு நாள் உணவு 1800 கலோரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைக் குறைப்பது என்பதும் முக்கியம். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 20 கலோரி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய்யில் 45 கலோரி இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளைக்கு மூன்று டீ குடித்தால், சர்க்கரையில் மட்டுமே 120 கலோரி. வடை, பஜ்ஜி, மிக்சர், இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் சோறு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பருப்பு, முட்டை, மீன், தயிர், கீரை, கேழ்வரகு ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. முதல் ஆறு மாதங்களில் புரதமும் கூடுதலாகச் சுமார் 17 கிராம் தேவைப்படுகிறது.

இணை உணவு தொடங்கிய பின்

ஆறு மாதம் முடிந்ததும் பருப்புச் சாதம், கூழ், மசித்த பழம் என இணை உணவு தொடங்குகிறது. இந்த உணவிலிருந்து குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய ஆற்றல் 6 முதல் 8 மாதங்களில் ஏறத்தாழ 200 கலோரி. 9 முதல் 11 மாதங்களில் 300. ஒரு வயதுக்கு மேல் 550. குழந்தை உண்ணும் அளவு கூடக் கூட, குடிக்கும் பால் குறைகிறது. தாயின் தேவையும் அதோடு சேர்ந்து இறங்குகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பால் 200 மில்லி குறைந்தால், தாய்க்குச் சுமார் 160 கலோரி தேவையில்லாமல் போகிறது. நடுத்தர அளவுள்ள ஓர் இட்லியில் ஏறத்தாழ 60 கலோரி என்று கொண்டால், இரண்டு இட்லியையும் ஒரு ஸ்பூன் எண்ணெயையும் குறைப்பதற்கு இது சமம். ஒரு வேளை உணவையே விடும் அளவுக்கு இது பெரிய தொகை அல்ல.

பால் மறக்கும் காலம்

இரண்டு வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல், சில நாட்கள் இடைவெளி விட்டு ஒவ்வொரு வேளையாகக் குறைப்பது நல்லது. அப்போது மார்பில் பால் கட்டாது. ஒவ்வொரு வேளைப் பால் நிற்கும்போதும் உணவிலும் சிறிது குறைக்க வேண்டும். பால் நின்ற பிறகும் பழக்கத்தினால் பசி அதே அளவில் எடுக்கும். பலருக்கு எடை ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதும், நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பதும் இப்போது கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

குழந்தையின் எடை ஏறாமல் நின்றாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, தாய்க்குத் தலைசுற்றலும் சோர்வும் இருந்தாலோ உணவுக் குறைப்பை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவ ஆலோசனையின்றித் தொடங்கவே கூடாது. எடை குறைக்கும் மாத்திரை, பட்டினி, சோற்றையும் மாவுச்சத்தையும் முழுவதுமாக ஒதுக்கும் உணவுமுறை ஆகியவை பாலூட்டும் காலத்திற்கு ஏற்றவை அல்ல.

பள்ளியில் நாமும் உதவலாம். பாலூட்டும் ஆசிரியைக்கு முற்பகல் இடைவேளையில் ஒரு கைப்பிடி சுண்டலோ ஒரு பழமோ சாப்பிட நேரம் கிடைக்க வேண்டும். பால் கட்டினால் எடுத்துவிட, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் வேண்டும். இவற்றைத் தலைமையாசிரியரால் செலவின்றி ஏற்பாடு செய்ய முடியும். உடல் எடையைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக, "சாப்பிட்டீங்களா?" என்று நாம் கேட்கலாம்.