பயந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறை. பதின்ம வயதுப் பிள்ளைகள் 17 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் சின்னச் சின்னத் திருட்டு, அடிதடி என்று போலீஸிடம் சிக்கியவர்கள். எதிரே ஆயுள் கைதிகள். ஒருவர் ஒரு பையனின் மூக்கு உரசும் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கத்துகிறார். சிறைக்குள் வந்தால் உனக்கு என்னவெல்லாம் நடக்கும் தெரியுமா என்று, வீட்டில் யாரும் சொல்லத் துணியாத வார்த்தைகளில் விவரிக்கிறார். உள்ளே வரும்போது இளித்துக்கொண்டு வந்த பையன் வெளியே போகும்போது வெளிறிப்போயிருக்கிறான்.

‘ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்’ என்ற ஆவணப்படத்தின் காட்சி இது. ஆர்னால்ட் ஷாபிரோ 1978-ல் எடுத்த படம். ‘கொலம்போ’ தொடரில் துப்பறிவாளராக நடித்த பீட்டர் ஃபாக் இதற்குக் குரல் கொடுத்தார். மறு ஆண்டு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 17 பேரில் 16 பேர் ஒழுங்காக இருக்கிறார்கள் என்றது படம். அமெரிக்காவின் பல மாநிலங்கள் உடனே இதே மாதிரித் திட்டங்களைத் தொடங்கின. அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்க்கும் நமக்கும் இது கேட்ட மாத்திரத்தில் பிடித்துப்போகும்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிங்கெனாவர் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். சிறைக்குப் போய்வந்த பிள்ளைகளை மட்டும் பார்த்தால் போதாது. அதே மாதிரிப் பிள்ளைகளில் போகாமல் இருந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்றார். 46 பேர் ராவேக்குப் போனார்கள். 35 பேர் போகவில்லை. ஆறு மாதம் கழித்து இரு தரப்பின் பதிவேடுகளையும் எடுத்துப் பார்த்தார். போகாத 35 பேரில் புதிதாகக் குற்றம் செய்தவர்கள் 4 பேர். போய்வந்த 46 பேரில் 19 பேர்.

வாசித்ததும் திரும்ப ஒரு முறை வாசிக்கத் தோன்றும் எண்கள். இதில் அப்படி என்ன வித்தை இருக்கிறது? பதினைந்து பதினாறு வயதில் உச்சத்துக்குப் போகும் சேட்டை, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலானவர்களிடம் தானாக அடங்கிவிடுகிறது. அந்தச் சமயத்தில் நாம் என்ன செய்திருந்தாலும் பலன் தந்தது போலவே தெரியும். ‘இவன் அங்கே போகாமல் இருந்திருந்தால்?’ என்ற கேள்விக்கான பதில் யாருடைய வாழ்க்கையிலும் இல்லை, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. ஆனால் யார் போவது, யார் இருப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால், போகாத கூட்டம் அந்த நடக்காத வாழ்க்கையை நமக்காக வாழ்ந்து காட்டுகிறது. மனிதர் கண்டுபிடித்த அருமையான உபாயங்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன். நுண்ணோக்கிக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்கலாம்.

ஃபிங்கெனாவரின் ஆய்வில் ஓட்டைகள் உண்டு. ஆட்கள் குறைவு, பிள்ளைகளை அனுப்பிய அமைப்புகள் சில குலுக்கல் முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை. எனவே ஒற்றை ஆய்வை நம்பிவிடக் கூடாது. பின்னால் ஆன்டனி பெட்ரோசினோவும் உடன் உழைத்தவர்களும், 1967-ல் மிச்சிகனில் தொடங்கி நடந்த இத்தகைய ஒன்பது சோதனைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் கிட்டத்தட்ட ஆயிரம் பிள்ளைகள். முடிவு அதே பக்கம்தான் சாய்ந்தது: எதுவுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட இதைவிட நல்லது. இத்தனைக்குப் பிறகும் 2011-ல் ஷாபிரோவின் கைவண்ணத்திலேயே ‘பியாண்ட் ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் வந்து சில ஆண்டுகள் ஓடியது. வெளிறிய முகத்தைக் கேமரா காட்டிவிடும். பதிவேட்டில் இருக்கும் 19-ஐயும் 4-ஐயும் அதனால் காட்ட முடிவதில்லை.

மிரட்டல் பலிக்கவில்லை, சரி, அன்பு காட்டினால்? இங்கேதான் கதை இன்னும் ஆழமாகிறது.

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939-ல் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. தொடங்கியவர் மருத்துவர் ரிச்சர்ட் கிளார்க் கபாட். மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்ற பதவிக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர். வயது, குடும்பம், சுபாவம் எல்லாம் ஒத்திருக்கும் சிறுவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். காசைச் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு ஒன்றும் இல்லை என்று பிரித்தார்கள். இப்படி 253 ஜோடிகள். உதவி பெற்ற பையனின் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை போல ஓர் ஆலோசகர் போவார். பாடத்தில் பின்தங்கினால் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்வார். உடம்பு சரியில்லையென்றால் டாக்டரிடம் அழைத்துப்போவார். வீட்டில் சண்டையென்றால் உட்கார்ந்து கேட்பார். கோடையில் முகாமுக்கும் அனுப்பினார்கள். சராசரியாக ஐந்து ஆண்டுகள் இது நடந்தது. இதில் எங்கே குறை சொல்வது?

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அந்தப் பையன்களைத் தேடிப் போனார். நீதிமன்றப் பதிவுகள், மனநல மருத்துவமனைக் கோப்புகள், இறப்புச் சான்றுகள் என்று ஒவ்வொன்றாகப் புரட்டி, நடுவயதை எட்டியிருந்த அவர்களில் ஏறத்தாழ எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டார். கடிதம் போட்டுக் கேட்டதில், உதவி பெற்றவர்களில் பதில் எழுதியவர்கள் மூவரில் இருவர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். ஆலோசகரின் பெயரை மறக்காதவர்களும் இருந்தார்கள். ஆனால் கோப்புகள் வேறு கதை சொல்லின. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், கடும் மனநோய் கண்டவர்கள், சீக்கிரம் இறந்தவர்கள் எல்லாம் உதவி பெற்ற பக்கத்தில்தான் அதிகம். 1978-ல் மெக்கார்ட் இதை வெளியிட்டபோது சமூகப் பணித் துறையில் பலருக்கு ஜீரணிக்க முடியவில்லை. எனக்கும் இன்று அதைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது. அந்த ஆலோசகர்கள் மனசார உழைத்தவர்கள்.

காரணம் என்ன? மெக்கார்ட் பின்னால் நோண்டிப் பார்த்ததில் ஒரு துப்பு கிடைத்தது. கெடுதி பெரும்பாலும் கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் போன பையன்களிடமே தென்பட்டது. ஓரிகானில் தாமஸ் டிஷனின் குழு பையன்களின் பேச்சைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது இதற்கு ஒரு விளக்கம் வந்தது. விதியை மீறிய கதையை ஒருவன் சொல்கிறான், நண்பன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் பரிசு. அடுத்த கதை இன்னும் பெரிதாக வருகிறது. தடம் புரண்டு நிற்கும் பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டினால், நாம் நடத்தும் பாடத்துக்கு அடியில் அவர்களே ஒருவருக்கொருவர் இன்னொரு பாடம் நடத்திக்கொள்கிறார்கள். ராவேயின் பெஞ்சிலும் இதுதான் நடந்ததா என்பது நிரூபிக்கப்படவில்லை, ஆனால் சந்தேகப்பட இடமிருக்கிறது.

அதனால்தான் அடுத்து வந்தவர்கள் பையனைக் கூட்டத்திலிருந்து எடுத்து வீட்டுக்குள் போனார்கள். ஸ்காட் ஹெங்கெலர் தென் கரோலினாவில் வளர்த்தெடுத்த முறையில், ஒரு சிகிச்சையாளர் கையில் ஒரே சமயத்தில் நாலைந்து குடும்பங்கள்தான். நடுராத்திரி போன் செய்தாலும் எடுப்பார். பையனுக்கு உபதேசம் செய்வதைவிட, களைத்துப்போன அம்மாவுக்கோ பாட்டிக்கோ பக்கபலமாக நின்று, வீட்டில் மறுபடி ஒரு பிடிமானம் உண்டாக்குவதுதான் வேலை. அமெரிக்காவின் ஆரம்பச் சோதனைகளில் நல்ல பலன் தெரிந்தது. இங்கிலாந்தில் 684 குடும்பங்களை வைத்து நடந்து 2018-ல் வெளியான சோதனையில், வழக்கமாக அங்கே கிடைக்கும் உதவியைவிட இது மேல் என்று காட்ட முடியவில்லை. அங்கே வழக்கமான உதவியே ஓரளவு நன்றாக இருப்பதுதான் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு.

நம் ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் பிள்ளைகள் ஆய்வேட்டுக்காகக் கூர்நோக்கு இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகும்போது, அங்கே தரும் பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா என்ற கேள்வியை வினாப்பட்டியலில் சேர்ப்பது வழக்கம். கேட்கட்டும். கூடவே, பயிற்சி கிடைக்காத பத்துப் பேரையும் தேடிப் பார்க்கச் சொல்லி வழிகாட்டிகள் வற்புறுத்த வேண்டும். பத்துப் பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அந்தப் பழக்கம் படிக்கும்போதே வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம்.

கேம்பிரிட்ஜ்–சாமர்வில் கோப்புகள் இன்னும் மூடப்படவில்லை. பிரான்டன் வெல்ஷ் தலைமையில் ஒரு குழு, திட்டம் தொடங்கி எழுபது ஆண்டுகள் தாண்டிய பிறகு, அந்த 506 பேரின் இறப்புப் பதிவுகளை மறுபடி தேடியது. மிகப் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மெக்கார்ட் நடுவயதில் கண்ட அந்த ஆயுள் வித்தியாசம், முதுமை வரை கணக்கெடுத்ததில் கரைந்துபோயிருந்தது.