தானே அணையும் கம்ப்யூட்டரும் ஒரு வியாபாரியின் நோட்டுப் புத்தகமும்

மலர்க் குழுவினர் வழக்கம்போல என்னிடம் இலக்கியக் கட்டுரைதான் கேட்டார்கள். இந்த முறை கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சற்றுத் தயங்கினார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தில்லிக்கு வந்து, சாவ்ரி பஜாரில் நாற்பது வருடமாகக் காகிதம் விற்கிறவனுக்கு இதில் என்ன வேலை? நியாயமான கேள்விதான். சீவக சிந்தாமணிக்கு ஒரு சொல்லடைவு தயாரிக்க வேண்டும் என்று ஒன்பது வருடமாக விடியற்காலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து வருகிறேன். 13 இலம்பகம், 3145 பாட்டு. அந்த உழைப்பு ஒரே நொடியில் போய்விடப் பார்த்தது. அதைக் காப்பாற்றப் போய்க் கற்றுக்கொண்டது, வீட்டில் பிள்ளைகள் தாங்களே கம்ப்யூட்டர் பூட்டி வைத்திருக்கிற குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

2022ஆம் ஆண்டு கடைசியில், அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்த என் பேரன், நேரு பிளேஸ் கடைகளில் அலைந்து பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்து, கூடத்தில் பழைய வேட்டியை விரித்து ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினான். "தாத்தா, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றான். சில மாதம் நன்றாகவே ஓடிற்று. அடுத்த மே மாத வெயிலில் தொல்லை ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், பட்டென்று அணைந்துவிடும். ஒரு நாள் அப்படி அணைந்தபோது நான் திறந்து வைத்திருந்த கோப்பு கெட்டுப்போயிற்று. மறுபடி திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. பென் டிரைவில் பழைய நகல் ஒன்று கிடந்ததால் இரண்டு மாத உழைப்போடு தப்பினேன்.

வீட்டில் பழி முழுக்கப் பையன் தலையில் விழுந்தது. "கம்பெனியில பூட்டினதா வாங்கியிருந்தா இந்தத் தொல்லை உண்டா?" என்றான் என் மகன். பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்றார். பேரன் வாயே திறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கல்லாவில் பணம் குறைந்தால், எடுத்தவன் யார் என்று கேட்பதற்கு முன்னால் வரவு செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் தகப்பனார் கற்றுக்கொடுத்த பாடம். இதற்கும் அதுவே வழி என்று ஒரு புது நோட்டைப் போட்டேன்.

முதலில் நகல்

நோட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தானே அணையும் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நிற்கும். ஆகவே முக்கியமானவற்றை உடனே வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிடுங்கள். ஒன்று வீட்டிலேயே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வீட்டுக்கு வெளியே. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். நான் இதைப் பிந்தித்தான் செய்தேன். நீங்கள் முந்திச் செய்யுங்கள்.

எப்படி அணைகிறது?

திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் முதலில் நோயை அறி, பிறகு அதன் காரணத்தை அறி, பிறகு தணிக்கும் வழியைப் பார் என்று வரிசை சொல்லியிருக்கிறார். நாமோ நேரே மூன்றாவதற்குப் போய்ப் பாகத்தை மாற்றிவிடுகிறோம்.

"அணைகிறது" என்பது ஒரே நோய் அல்ல. விண்டோஸ் முறைப்படி விடைபெற்று அணைந்தால், அது யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் கொடுத்த உத்தரவு. நீலத்திரை காட்டிவிட்டு மறுபடி எழுந்தால், பெரும்பாலும் ரேம் அல்லது டிரைவர் கோளாறு. விளக்கை அணைத்தது போலச் சட்டென்று இருண்டால், சூடு அல்லது மின்சாரம். அணைந்த பிறகு பொத்தானை அழுத்தினாலும் எழாமல், பின்பக்கத்துச் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மட்டும் எழுந்தால், பவர் சப்ளை ஏதோ ஆபத்தைக் கண்டு தன்னைப் பூட்டிக்கொண்டது என்று பொருள்.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒரு பேரேடு உண்டு. அதில் சிஸ்டம் பகுதியில் 'கர்னல் பவர் 41' என்ற பதிவு இருந்தால், கம்ப்யூட்டர் முறையாக மூடப்படாமல் நின்றது என்று மட்டும் அர்த்தம். ஏன் நின்றது என்று அது சொல்லாது. பலர் இந்த 41ஐப் பார்த்தவுடன் புது பவர் சப்ளை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். '1074' என்று பதிவு இருந்தால் அது உத்தரவின் பேரில் அணைந்தது. உத்தரவு கொடுத்த புரோகிராமின் பெயரும் அங்கேயே இருக்கும்.

நோட்டு சொன்னது

ஒவ்வொரு முறை அணையும்போதும் நேரம், என்ன வேலை நடந்தது, அதற்கு முன் ஏதாவது சத்தம் கேட்டதா, திரும்பப் போட்டால் என்ன ஆயிற்று என்று நான்கு பத்தி போட்டுக் குறித்தேன். 14 நாளில் பத்து முறை அணைந்திருந்தது. ஆறு முறை பிற்பகலில், பேரன் வீடியோ வேலை செய்தபோது. நான்கு முறை விடியற்காலையில், நான் தட்டச்சு செய்தபோது. பிற்பகலில் அணையும் முன் விசிறிகள் இரைந்தன. உடனே போட்டால் சில நிமிடத்தில் மறுபடி அணைந்தது. காலையில் சத்தமே இல்லை. உடனே போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடிற்று. ஒரே பேரேட்டுப் பக்கத்தில் இரண்டு பேருடைய கடன் கலந்து கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் கடன்காரன்: சூடு

பிராசசருக்குத் தற்காப்பு உண்டு. சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் (மாடலுக்கு மாடல் சற்று மாறும்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் கருகிப்போகாமல் இருக்க மின்சாரத்தையே வெட்டிவிடும். சூட்டைக் காட்ட இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன. பயாஸ் திரையிலும் பார்க்கலாம். எங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே 62 டிகிரி. வீடியோ வேலை தொடங்கிய நான்கே நிமிடத்தில் 100ஐத் தொட்டது.

பெட்டியைத் திறந்தோம். தில்லி வெயில் காலத்துத் தூசு கம்பளி போல அப்பியிருந்தது. அதை எடுத்தும் பெரிய மாற்றமில்லை. பிறகு பேரனே கண்டுபிடித்தான். பிராசசர் மேல் உட்காரும் கூலருக்கு நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் முளைகள். அதில் ஒன்று பலகையில் பதியாமல் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலை தூக்கினால் அடிப்பாகம் பிராசசரோடு ஒட்டாது. சூடு மேலே ஏறாது. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலையாக அழுத்திப் பூட்டினான். சும்மா இருக்கும்போது 41, முழு வேலையில் 74 என்று இறங்கிவிட்டது. சிலர் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிவிடுவதும் உண்டு. அதன் அடையாளமும் இதேதான்.

"என் தப்புதான் தாத்தா" என்றான். "பாதித் தப்பு. மீதிக் கணக்கு இன்னும் இருக்கு" என்றேன்.

இரண்டாவது கடன்காரன்: மின்சாரம்

மூன்றாம் நாள் காலை மறுபடி அணைந்தது. சூடு 43தான். நோட்டைப் புரட்டினேன். நான்கு முறையும் காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில். தில்லியில் குழாயில் தண்ணீர் வரும் நேரம்; கட்டிடம் முழுக்க மோட்டார் போடுவார்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். பழைய வயரிங் உள்ள கட்டிடத்தில் அந்தக் கணம் வோல்டேஜ் பள்ளத்தில் விழும்.

அதற்குத்தானே யு.பி.எஸ். வைத்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மானிட்டர் அணையாததால் கம்ப்யூட்டருக்குள்ளேதான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். ஆனால் அன்று ஒன்று கவனித்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது, இன்டர்நெட் ரூட்டர் விளக்குகளும் அணைந்து மறுபடி எரிந்தன. வயர்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், ரூட்டரும் கம்ப்யூட்டரும் யு.பி.எஸ்.ஸில், மானிட்டர் மட்டும் நேரே சுவரில்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யு.பி.எஸ்.ஸில் ஒரு மேசை விளக்கைச் செருகி, சுவர்ச் சுவிட்சை அணைத்தோம். விளக்கும் சேர்ந்து அணைந்தது. 2019இல் வாங்கிய யு.பி.எஸ்.; உள்ளே இருந்த 12 வோல்ட் பேட்டரி செத்து எத்தனை நாளோ. வோல்டேஜ் விழுந்ததும் அது பேட்டரிக்கு மாறும், பேட்டரியில் சரக்கில்லை, கம்ப்யூட்டர் அணையும். காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்ட கதை. இந்தப் பேட்டரிகளுக்கு ஆயுசு பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான். பேட்டரியை மட்டும் மாற்றினோம். கடைக்காரர் கேட்ட 14,000இல் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு காலையில் அணையவே இல்லை.

யு.பி.எஸ். வாங்கும்போது 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் 600 வாட் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

இவையும் இல்லையென்றால்

பவர் சப்ளையைப் பாருங்கள். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். வேலை கொடுக்கும்போது அதற்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடும்போது மட்டும் அணைந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஆனால் பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஒரு கம்பெனி பவர் சப்ளையின் கழற்றக்கூடிய ஒயர்களை இன்னொன்றில் செருகவும் கூடாது. முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளிணைப்பு மாறும்.

போட்டுச் சில நொடியிலேயே அணைந்தால் முன்பக்கப் பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கலாம். பொத்தானை நான்கு நொடிக்கு மேல் அழுத்தினால் கம்ப்யூட்டர் அணையும் என்பது விதி. சிக்கிய பொத்தானும் அதையேதான் செய்யும். புதிதாகப் பூட்டியதென்றால், மதர்போர்டுக்குக் கீழே வேண்டாத இடத்தில் பித்தளைத் திருகு ஒன்று உரசுகிறதா என்று பாருங்கள். நீலத்திரை வந்தால் ரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஓர் இரவு முழுக்கச் சோதனை ஓட விடுங்கள். எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது குணமாக்கியது என்று கடைசி வரை தெரியாது.

கணக்கு முடிந்தது

பழைய மதர்போர்டுதான் இன்றும் ஓடுகிறது. நோட்டை என் மகனிடம் கொடுத்தேன். இரவு உட்கார்ந்து முழுவதும் படித்தான். மறுநாள் தன் கடைக் கம்ப்யூட்டருக்கும் யு.பி.எஸ். பார்க்க வருவாயா என்று பையனிடம் கேட்டான். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் சொல்லவில்லை, பையனும் எதிர்பார்க்கவில்லை. இப்போது எங்கள் கட்டிடத்தில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் போனவுடன் முதலில் ஒரு நோட்டுக் கேட்கிறான்.

போன இரண்டு மாதத்தையும் மறுபடி தட்டச்சு செய்துவிட்டேன். சொல்லடைவு இப்போது நகர வரிசையில் நிற்கிறது. நகல் மூன்று இடத்தில் இருக்கிறது.