வாய் மூடிய கலங்கள்

ஆசிரியப் பணியில் இருப்போர் பலர் மனத்தில் ஒரு குறை உண்டு. "பிறர் பிள்ளைகளை வளர்த்தே என் காலம் கழிந்தது, நான் வளரவில்லை" என்பதே அது. கன்னியர் மடத்துப் பள்ளிகளிலும் இக்குரல் கேட்கிறது. அத்தகையோருக்கு மட்கலக் கலைஞர் தோஷிகோ தகாயெசுவின் வாழ்வைச் சொல்ல விழைகிறேன். அவ்வம்மையார் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் இறைவாக்கினர் எரேமியாவையே குயவன் வீட்டுக்கு அனுப்பிய ஆண்டவர், நம்மை அனுப்பமாட்டாரா?

1922-இல் ஹவாய்த் தீவில், ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோரின் பதினொரு மக்களுள் ஒருவராகப் பிறந்தார். 1951-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிரான்புரூக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியை, பின்லாந்து நாட்டவரான மாயா குரோட்டெல். அதிகம் பேசாதவர், தம்மைப்போலவே செய்யும்படி எவரையும் வற்புறுத்தாதவர். மாணவர் தம் வழியைத் தாமே கண்டடையும்வரை காத்திருப்பார். காத்திருத்தல் எத்துணைக் கடினம் என்பதை வகுப்பறையில் நின்றவர் அறிவர்.

பின்னர்த் தோஷிகோவும் ஆசிரியையானார். கிளீவ்லாந்து நகரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கற்பித்தார். 1955-இல் ஜப்பான் சென்று எட்டுத் திங்கள் தங்கி, அந்நாட்டுக் குயவர்களைக் கண்டு பழகினார். 1964-இல் கல்லூரி வேலையை விட்டு, நியூஜெர்சி மாநிலத்தில் தமக்கென ஒரு பட்டறை அமைத்தார். கற்பித்தலை வெறுத்து விலகினார் என்று எண்ண இடமில்லை. 1967 முதல் 1992 வரை இருபத்தைந்து ஆண்டுகள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கற்பித்தவர் அவர்.

கற்பித்த அதே ஆண்டுகளில்தான் அவர் கலை வளர்ந்தது. குடமென்றால் வாய் வேண்டும் என்பது உலக வழக்கு. அவரோ கலத்தின் வாயை மூடினார். சூளை வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து கலத்தை உடைத்துவிடாதபடி, உச்சியில் ஊசித்துளை ஒன்றை மட்டும் விட்டார். மூடுமுன் சிறு மண்ணுருண்டையைக் காகிதத்தில் பொதிந்து உள்ளே இடுவார். சூளையில் காகிதம் எரிந்துபோகும். உருண்டை சுட்டு இறுகும். கலத்தை அசைத்தால் உள்ளிருந்து ஒலி எழும். கைக்குள் அடங்கும் கலங்களும் உண்டு. ஆளுயரக் கலங்களும் உண்டு. உள்ளே இருப்பதைக் கண்ணால் காண இயலாது, காதால்தான் அறியலாம். ஊருக்கெல்லாம் திறந்திருக்கும் ஆசிரியை, தமக்கென மூடிவைத்த இடம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். அவர் இல்லத்தில் தங்கிப் பயின்ற இளையோர் மண் பிசைந்ததோடு நிற்கவில்லை. தோட்டத்தில் களை பறித்தனர், அடுக்களையிலும் உதவினர். சமையல், காய்கறித் தோட்டம், மட்கலம் மூன்றையும் அவர் வேறு வேறாகக் கருதியதில்லை. இதை நம் இல்லத்தரசியர் மட்டுமன்றி அவர்தம் கணவன்மாரும் கேட்பார்களாக!

தோஷிகோ 2011-இல் மறைந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உயிரிழந்த பழைய மாணவர்களுக்காகப் பிரின்ஸ்டன் வளாகத்தில் ஒரு நினைவுத் தோட்டம் உண்டு. அங்கே தொங்கும் வெண்கல மணி அவர் படைத்தது.