பத்து வெள்ளி கட்டிய ஊரில்

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று பால்மரம் வெட்டியவர்களிடம் போய் நின்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் உருவானது.

அந்தக் கைகளுக்குச் சேமிக்கத் தெரியும். அவர்களின் பேரப்பிள்ளைகளும் நகையாகவும், கூட்டு என்று சொல்லும் சீட்டாகவும் சேமிக்கத்தான் செய்கிறார்கள். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எடுத்தவர் ஓடிவிட்டால் போலீஸில் சொல்லக்கூடத் தயங்க வேண்டும். அரசாங்கமே வரியைக் குறைத்துச் சேமிக்கச் சொல்லும் கணக்கு பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சுதான் நம் வீடுகளில் குறைவு.

எஸ்எஸ்பிஎன் என்ற தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டத்தை நடத்துவது உயர்கல்விக் கடன் தரும் பிடிபிடிஎன். பிள்ளை பெயரில் உள்ள கணக்கில் பெற்றோர் போடும் பணத்துக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரி விலக்கு உண்டு. 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை இது நீடிக்கிறது. கணக்கில் சேரும் லாப ஈவுக்கும் வரி கிடையாது.

எட்டாயிரத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மற்றக் கழிவுகளெல்லாம் போக, ஒருவரின் வரிக்குரிய வருமானம் 38,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வரி 780 வெள்ளி. அவர் பிள்ளையின் கணக்கில் 3,000 போட்டால் வருமானம் 35,000-க்கு இறங்குகிறது. வரி 600 ஆகிறது. 35,000-ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடியும் உண்டு என்பதால், கடைசியில் கட்ட வேண்டியது 200 தான். மூவாயிரம் பிள்ளை பெயரில் பத்திரமாக இருக்க, 580 வெள்ளி கையில் மிஞ்சுகிறது. தீபாவளிச் செலவில் பாதியாவது அதில் அடங்கும்.

பலர் சறுக்குவது ஓர் இடத்தில். விலக்கு கிடைப்பது அந்த ஆண்டின் நிகரச் சேமிப்புக்கு மட்டும். ஜனவரியில் 5,000 போட்டு, பள்ளிச் செலவுக்கென்று நவம்பரில் 2,000 எடுத்தால் 3,000 மட்டுமே கணக்கில் வரும். போன ஆண்டு மிச்சம் இந்த ஆண்டுக்கு உதவாது. டிசம்பர் 31-க்குள் போட்டு, ரசீதை வைத்திருப்பது நல்லது.

வரியே கட்டாத குடும்பங்களுக்கு இதில் வரிப்பலன் இல்லை. தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் தையல், சாப்பாட்டுக் கடை, கிராப் ஓட்டம் என்று பிழைப்பவர்களில் பலர் அப்படித்தான். முதலாளி இல்லாததால் இவர்களுக்கு ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பும் தானாகச் சேராது. என் பார்வையில் இவர்களுக்குத்தான் இன்னொரு திட்டத்தின் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும். இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் தாமே விரும்பிப் பணம் கட்டினால், அதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்க்கிறது. ஆண்டுக்கு 500 வெள்ளியும் வாழ்நாளில் 5,000 வெள்ளியும் உச்சவரம்பு. ஆண்டுக்கு 2,500, அதாவது மாதம் இருநூற்றுச் சொச்சம் கட்டினால் முழுத்தொகையும் கிடைக்கும். 2024-ஆம் ஆண்டுக்கு இபிஎஃப் வழங்கிய ஈவு 6.30 விழுக்காடு, அதற்கும் வரி இல்லை. கட்டுவதற்கு முன் இபிஎஃப் அலுவலகத்திலோ கைப்பேசிச் செயலியிலோ ஐ-சாரானுக்கென்று பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் கட்டினால் பணம் சேரும், அந்த 500 வெள்ளி வராது.