ஆவடியும் அவனியின் அமைதியும்

சனவரி முதல் நாள் உலக அமைதிக்காக மன்றாடிவிட்டு வீடு திரும்பும் ஆவடிக் குடும்பத் தலைவர் ஒருவர், மறுநாள் காலை கனரக வாகனத் தொழிற்சாலைக்குப் பணிக்குச் செல்கிறார். அங்கே உருவாவது போர் டாங்கி. இது முரண்பாடு அன்றோ?

1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு எழுந்தருளிய திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், படைக்கலச் செலவில் ஒரு பகுதியையேனும் ஏழைகளுக்கான உலக நிதிக்கு ஈயுமாறு நாடுகளை வேண்டினார். மறு ஆண்டே இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டது. ஆவடியின் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். போரைத் தடுக்கவல்ல உலக அதிகாரம் அமையும்வரை அரசுகளின் தற்காப்பு உரிமையை மறுக்கவியலாது என வத்திக்கான் சங்கம் உரைத்ததும் அதே 1965இல். ஆகவே, நம் தொழிலாளி குற்றவாளி அல்லர்.

எனினும், அமைதி நிலைக்குமா? 1870, 1914, 1939 என மும்முறை பொருதிய பிரான்சையும் செர்மனியையும் பாருங்கள். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான், பக்தியுள்ள கத்தோலிக்கர், இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் பொது அதிகாரத்தின்கீழ் வைக்க முன்மொழிந்தார். எஃகின்றிப் பீரங்கி ஏது? மறு ஆண்டு ஆறு நாடுகள் கையொப்பமிட்டன. அதன்பின் அவ்விரு நாடுகளும் பொருதவே இல்லை. மனமாற்றத்தை மட்டும் நம்பியிராமல், பகைவரின் பிழைப்பையே ஒன்றாய்ப் பிணைத்த மதிநுட்பம் அது!

நமக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே அத்தகைய பிணைப்பு ஒன்றுண்டு: 1960இன் சிந்து நதிநீர் உடன்படிக்கை. 1965, 1971 போர்களிலும் அது அறுபடவில்லை. 2025 ஏப்ரலில், பகல்காம் படுகொலைக்குப் பின், இந்தியா அதனை நிறுத்திவைத்தது.