நன்னீர்க் கடல்கள் – 6: இரையை எண்ணிக் குஞ்சு விடு

ஜூலை பிறந்தால் மிஷிகன் ஏரியின் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். சினூக் சால்மனுக்கு அந்தச் சூடு ஆகாது. 10 முதல் 13 டிகிரி வரை உள்ள குளிர்நீரைத் தேடிக் கீழே இறங்கிவிடும். அந்தக் குளிர்நீர் இன்று 15 மீட்டரில் இருக்கும், நாளை காற்று திசை மாறினால் 30 மீட்டருக்குப் போய்விடும். ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியில் நங்கூரம் போட்டு உட்கார்ந்து இந்த மீனைப் பிடிக்க முடியாது. ஆகவேதான் ட்ரோலிங்: படகை மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே பின்னால் பல தூண்டில்களை இழுத்துச் செல்லும் முறை. வலையை இழுக்கும் ட்ராலிங் வேறு, இதில் வலையே கிடையாது. டவுன்ரிகர் என்ற சுழலியில் எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். அதன் நுனியில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். மீன் கடித்ததும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும். அதன்பிறகு குண்டின் பாரம் தூண்டிலில் இருக்காது. மீனும் மனிதனும் மட்டும்தான் மல்லுக்கட்ட வேண்டும். எந்த ஆழத்தில் இறக்குவது என்று தீர்மானிக்க, படகோட்டி நீரின் வெப்பத்தோடு சோனார் திரையையும் பார்க்கிறார். திரையில் அவர் முதலில் தேடுவது சால்மனை அல்ல, ஆல்வைஃப் என்ற சிறுமீன் கூட்டத்தை. இரை இருக்கும் இடத்தில்தான் சால்மன் இருக்கும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ஆனால் அதே படகோட்டிகளில் பலர் கரையேறி மீன்வளத் துறையின் கூட்டத்தில் உட்கார்ந்ததும் கேட்பது வேறு: இன்னும் அதிகமாகச் சால்மன் குஞ்சு விடுங்கள். தண்ணீரில் தெரிந்த பாடம் கூட்டத்தில் மறந்துபோகிறது. சால்மன் நிலைக்க வேண்டுமானால் சில காலங்களில் குஞ்சுகளைக் குறைத்தே விட வேண்டும் என்பது என் வாதம்.

இங்கே சால்மன் எப்படி வந்தது என்பதிலேயே இந்த வாதத்தின் வேர் இருக்கிறது. அது இந்த ஏரியின் மீன் அல்ல, பசிபிக் கடலின் மீன். இந்த ஏரியின் பூர்வீக வேட்டை மீன் லேக் ட்ரவுட். மீன்பிடியின் நெருக்கடியோடு, கால்வாய்கள் வழியாக வந்த கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணியும் சேர்ந்துகொள்ள, 1950-களின் நடுவில் மிஷிகன் ஏரியில் லேக் ட்ரவுட் அற்றுப்போயிற்று. தின்ன ஆளில்லாத ஏரியில், சாளைக்கு உறவான ஆல்வைஃப் பெருகியது. 1949-இல் இந்த ஏரியில் முதலில் தென்பட்ட அந்த வந்தேறி மீன், 1967 கோடையில் கோடிக்கணக்கில் செத்து, சிகாகோ உள்ளிட்ட கரையோர ஊர்களின் மணலில் குவிந்து நாறியது. மிஷிகன் மாநில மீன்வளப் பிரிவுக்கு 1964-இல் தலைமையேற்ற ஹோவர்ட் டேனர், ஒரேகானிலிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வரவழைத்து, 1966 வசந்தத்தில் பிளாட் ஆற்றிலும் வேறு சில ஓடைகளிலும் குஞ்சுகளை விட்டார். மறு ஆண்டு சினூக். வேண்டாத மீனைத் தின்று வேண்டும் மீன் வளரட்டும் என்பது கணக்கு. கணக்கு அபாரமாகப் பலித்தது. 1967 இலையுதிர் காலத்தில் பிளாட் வளைகுடாவில் படகுகள் மொய்த்தன; செப்டம்பரில் திடீரென்று எழுந்த புயலில் ஏழு பேர் இறந்தார்கள் என்பதும் அந்த மோகத்தின் வரலாற்றில் சேரும். துறைமுக ஊர்களில் படகு வாடகைத் தொழில் முளைத்தது. அன்று ஒழிக்க நினைத்த ஆல்வைஃப்தான் அதன் பிறகு காப்பாற்றப்பட வேண்டிய முதலாகிவிட்டது.

அந்த முதல் கரைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து ஏரியே சாட்சி. ஹியூரான் ஏரியில் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் ஆல்வைஃப் சரிந்தது, திரும்ப எழவில்லை. சினூக் முதலில் மெலிந்தது, பிறகு ஏறக்குறைய காணாமல் போயிற்று. ஒஸ்கோடா போன்ற ஊர்களின் சால்மன் தொழிலும் அதோடு ஒடுங்கியது. விட்ட குஞ்சுகள் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தின்ன வேண்டிய வாய்கள் இருந்தன, இரைதான் இல்லை. சினூக் மூன்று, நான்கு ஆண்டுகளே வாழ்ந்து, முட்டையிட்டதும் சாகும் மீன். அந்தக் குறுகிய ஆயுளில் அது அசுர வேகத்தில் வளர்வது பெரும்பாலும் ஆல்வைஃபைத் தின்றுதான். வேறு இரைக்கு மாறும் சாமர்த்தியம் அதற்குக் குறைவு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஹியூரானை வீழ்த்தியது சால்மன் அல்ல, குவாகா மட்டி என்பார்கள். கப்பல்களின் நிலைநிறுத்த நீரோடு கருங்கடல் பக்கத்திலிருந்து வந்த இந்த மட்டி, ஏரியடி முழுக்கப் படர்ந்து நீரை வடிகட்டுகிறது. வசந்தத்தில் பொங்க வேண்டிய நுண்பாசி மட்டியின் வயிற்றுக்குப் போக, அதை நம்பிய நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்னும் ஆல்வைஃபும் பட்டினி கிடக்கின்றன. இது உண்மைதான், மறுக்க எதுவுமில்லை. ஆனால் இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தலைகீழ். மிஷிகன் ஏரியடியில் பரவிக் கிடக்கும் மட்டியை அகற்றும் வழி இன்று யாரிடமும் இல்லை. கீழிருந்து வரும் உணவு சுருங்கிவிட்ட ஏரியில் மேலிருந்து தின்னும் வாய்களையும் கூட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? வாடகை வருமானம் பாதியான வீட்டில் விருந்தாளிகளை இரட்டிப்பாக அழைப்பது போன்றதுதான் அது. மட்டி நம் கைக்கு எட்டாதது, குஞ்சின் எண்ணிக்கை எட்டுவது. எட்டுகிற பிடியைத்தானே திருப்ப முடியும்?

இன்னொரு மறுப்பு சற்று நுட்பமானது. பண்ணைக் குஞ்சுகளைக் குறைத்தால் மட்டும் என்ன பயன், சால்மன் தானாகவே ஓடைகளில் இனப்பெருக்கம் செய்கிறதே என்பது. ஹியூரானில் இது பெரும் உண்மையாக இருந்தது. அங்கிருந்த சினூக்கில் பெரும்பாலானவை ஓடையில் பிறந்தவை என்று தெரியவந்தது. மிஷிகன் ஏரியில் 2011 முதல் பண்ணையில் வளர்ந்த சினூக் குஞ்சுகளுக்கெல்லாம் முதுகின் பின்புறச் சிறுதுடுப்பை நறுக்கி அடையாளமிட்டார்கள். பிடிபட்ட மீன்களைப் பார்த்தபோது பாதிக்கும் மேல் துடுப்பு முழுசாக இருந்தது. ஓடை எவ்வளவு கொடுக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதை யாரும் கட்டுப்படுத்த முடியாது. அதனாலேயே பண்ணையின் பங்கை எச்சரிக்கையாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது அங்கே பயன்படும் அளவுகோல் எளிமையானது: ஏரியிலுள்ள பெரிய ஆல்வைஃப்களின் மொத்த எடையோடு சினூக்கின் மொத்த எடையை ஒப்பிடுவது. நூற்றுக்கு ஐந்து என்றால் நலம், பத்தை எட்டினால் அபாயம். 1973 முதல் இலையுதிர் காலந்தோறும் அடிவலை இழுத்து எடுத்துவரும் இரைமீன் கணக்கு இதற்கு உதவுகிறது.

வந்தேறி மீனுக்கு இவ்வளவு பாடு எதற்கு, பூர்வீக லேக் ட்ரவுட்டையே வளர்க்கலாமே என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆல்வைஃபில் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. அதைத் தின்ற லேக் ட்ரவுட்டின் முட்டையில் அந்த வைட்டமின் குறைந்து குஞ்சுகள் சாகின்றன. ஹியூரானில் ஆல்வைஃப் போனபின் காட்டு லேக் ட்ரவுட் பெருகியதே இதற்குச் சான்று. அது தரையோடு கிடக்கும் கோபி மீனையும் தின்று பிழைக்கும், இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். ஆனால் சினூக் தூண்டிலில் காட்டும் வெறியை அது காட்டுவதில்லை என்பதால் படகுக்காரர்கள் அதை ஒரு படி கீழேதான் வைக்கிறார்கள். ரசனை விஷயத்தில் நான் தலையிட விரும்பவில்லை. இரண்டும் ஒரே ஏரியில் வேண்டும் என்றால், இரையின் கணக்கை மீறாத சினூக்கே அதற்கு வழி.

குறைத்ததால் பிழைப்பு போனது என்ற குற்றச்சாட்டு 2013-இலும் 2017-இலும் உரக்க ஒலித்தது. 2013-இல் ஏரி முழுவதற்குமான சினூக் குஞ்சுகள் பாதியாக வெட்டப்பட்டன. அந்த ஆண்டுகளில் பிடிபாடும் சரிந்தது, தொழிலுக்கு அடிதான். ஆனாலும் மிஷிகன் ஏரியின் ஆல்வைஃப் ஹியூரானைப் போல் அற்றுப்போகவில்லை. 2021 ஆகஸ்டில் லடிங்டன் ஊருக்கு வெளியே, கிட்டத்தட்ட 21.7 கிலோ எடையுள்ள சினூக் பிடிபட்டு, 1978 முதல் நின்ற மாநிலச் சாதனையை முறியடித்தது. ஒற்றை மீனை வைத்து வாதம் கட்டக் கூடாது. ஆனால் இரை கிடைக்காத ஏரியில் அப்படியொரு மீன் வளராது என்று மட்டும் சொல்லலாம். வெட்டியது திரும்பவே வராது என்று அப்போது சொன்னவர்களும் உண்டு. அளவுகோல் இடம் கொடுத்ததும், 2020-களின் தொடக்கத்தில் சினூக் குஞ்சுகளின் எண்ணிக்கை மறுபடி உயர்த்தப்பட்டது.

(தொடரும்)