நாரும் நூலும் மலையாகும் விதம்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியிலிருந்து மேற்கே நோக்கும் அங்கத்தினர்கள், திரிகூட மலையின் இடைப்பகுதி சாரலில் மறைந்து, சிகரம் மட்டும் ஆகாயத்தில் மிதப்பதைப் பலமுறை கண்டிருப்பார்கள். சீன தேசத்துச் சித்திரக்காரர்கள் இம்மறைவையே தம் கலைக்கு ஆதாரமாகக் கொண்டனர். மூடுபனி தோன்ற வேண்டிய இடத்தைப் பெரும்பாலும் வர்ணமின்றி வெறுமையாக விட்டுவிடுவர். மலைகளில் உலாவி வந்து, மனத்தில் தங்கியதையே வீட்டிலமர்ந்து வரைவர். ஆகவே அம்மலைகள் பல எந்தத் தேசப்படத்திலும் அகப்படா. குவோ ஷி என்பார் 1072-இல் தீட்டிய ‘வசந்தத் தொடக்கம்’ பட்டுத் துணியின்மேல் எழுதப்பட்டது என்பதை நெசவாளர்கள் மகிழ்ச்சியுடன் கவனிக்கலாம்.

நாரைக் கொண்டே மலையை ஆக்கியோரும் உளர். 1932-இல் பிறந்த லியூ குவோசுங், தடித்த நார்கள் பதிந்த காகிதத்தைத் தமக்கெனச் செய்வித்து, மசி தீட்டிய பின் அந்நார்களை உரித்தெடுத்தார். சுங்குடியில் கட்டிய இடம் சாயம் ஏலாமல் நிற்பதுபோல, நாரிருந்த இடம் வெண்கோடாகிப் பனிமலை முகடாயிற்று.

சூ பிங் என்பவரின் வேலை இதனினும் வியப்புக்குரியது. 2004 முதல் அவர் இவ்வகைக் காட்சிகளை அமைத்து வந்திருக்கிறார். வாங் ஷிமின் 1654-இல் வரைந்த மலைச் சித்திரத்தைத் தழுவி, 2011-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்றை அமைத்தார். முன்னால் நிற்போருக்கு அது விளக்கொளியில் துலங்கும் பழஞ்சித்திரம். பின்னால் சென்று பார்த்தாலோ சித்திரமே இல்லை! மங்கிய கண்ணாடியின் பின்புறத்தில் சணல் நாரும், காய்ந்த செடிகொடிகளும், பழைய காகிதமும் ஒட்டியும் தொங்கியும் கிடக்கின்றன. கண்ணாடியைத் தொடும் பொருளின் நிழல் கூர்மையாக விழும். சற்று விலக்கினால் மசி கசிந்தாற்போல் மங்கும். அந்த இடைவெளியே அவருடைய தூரிகை. பின்புறத்தை அவர் மறைப்பதுமில்லை.

சங்கங்களைப் பார்வையிடுகையில், பாவு முடிந்தபின் தறியில் மிஞ்சும் நூல் துண்டுகள் கழிவாக எழுதித் தள்ளப்படுவதைக் காண்கிறேன். பயிரிடுவோரிடம் வாழை நாரும் சோளத் தோகையும் உண்டு. இவற்றால் கூலி உயரும் என்று கூற நான் துணியேன். சித்திரத்தை விலைக்கு வாங்குவோர் சிலரே. ஆனால் குற்றாலச் சீசனில் நம் விற்பனை நிலையங்களைத் திரும்பியும் பாராமல் அருவிக்குச் செல்வோர் அநேகர். வாசலில் ஒரு மங்கிய கண்ணாடியும், பின்னே ஒரு விளக்கும் வைத்து, இப்பொருள்களால் திரிகூட மலையை அமைத்தால் சிலராவது நிற்பர். நின்றவர் துணியையும் பார்ப்பர். செலவு கண்ணாடிக்கும் விளக்குக்கும் மட்டுமே.

ஒன்று மட்டும்: எடுக்கும் கழிவு நூலை நிறுத்து, இருப்புப் பதிவேட்டில் அன்றே எழுதிக்கொள்க. தணிக்கைக்கு வருபவர் மலையை ரசித்த பிறகும் அதைக் கேட்பார்.